கொசு விழுந்த பெயர்கள்

அக்டோபர் 9

இந்த ஊருக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. மீன் வாசனை இன்னும் பழகவில்லை. ஆரணியில் வளர்ந்தவனுக்குக் கடல் என்பது பள்ளிச் சுற்றுலாவில் ஒரு முறை பார்த்தது மட்டுமே. இப்போது என் ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரிகிறது.

வேலை எளிதானது. நாட்டுப்படகு மீனவர் சங்கத்தில் கம்ப்யூட்டர் ஆள் நான். இங்கே கடலுக்குப் போகிறவர்கள் பகலில் சங்கத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் மறுநாள் விடியலில் போகவேண்டும். வானிலை மோசம் என்று அறிவிப்பு வந்தால், டோக்கன் வாங்கியவர்களுக்கு மாலை ஏழு மணிக்கு எச்சரிக்கை மெசேஜ் போகவேண்டும். எனக்கு முன்னால் இருந்த பெண் ஒவ்வொரு நம்பராகக் கையால் அடித்து அனுப்புவாராம். நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன். டோக்கன் பட்டியலில் இருந்து ஒவ்வொரு பெயராக எடுத்து, டேட்டாபேஸில் அந்தப் பெயருக்கான போன் நம்பரைக் கேட்டு வாங்கி, அதுவே அனுப்பிவிடும். எழுதி முடிக்க ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. செயலாளர் கஸ்பார் ஃபெர்னாண்டோ சார் வாய் பிளந்து பார்த்தார். இரண்டு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குகிறேன் என்றிருக்கிறார்.

அக்டோபர் 12

வாய் பிளந்தவர் முகம் சுளிக்க ஆரம்பித்துவிட்டார். ஒத்திகைக்காக ஸ்கிரிப்டைத் தினமும் ஓடவிடுகிறேன். ஓடும்போது ஏதாவது பிழை வந்தால் எனக்கும் அவருக்கும் மெயில் போகும்படி நானேதான் வைத்தேன். பெரிய புத்திசாலி.

"என்ன தம்பி, தெனமும் செவப்புச் செவப்பா வருது? நம்ம மிஷின் கெட்டுப்போச்சா?"

"இல்ல சார், சின்ன விஷயம். பாத்துடறேன்."

பார்த்தேன். எல்லாப் பிழையும் ஒரே இடத்தில்தான். இந்த ஊரில் பாதிப் பேர் ஃபெர்னாண்டோ, மீதியில் பாதி ரோட்ரிகோ. அதோடு நிறுத்தியிருக்கலாம். டி'குரூஸ், டி'சில்வா என்று தலைக்கு மேலே ஒரு கமாவை வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் இருக்கிறது. பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று டேட்டாபேஸுக்குக் காட்டுவதும் அதே குறிதான். நடுவில் அது வந்தால் பெயர் அங்கேயே முடிந்தது என்று டேட்டாபேஸ் நினைத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் 'குரூஸ்' என்ன கட்டளை என்று புரியாமல் கத்துகிறது.

பெயரின் மேல் கொசு விழுந்த மாதிரி ஒரு குறி. அவ்வளவுதான் விஷயம்.

அக்டோபர் 13

ஞாயிறு. துணி துவைத்தேன். உப்புக் காற்றில் எதுவும் காய மாட்டேன் என்கிறது.

நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே வீட்டுக்காரர் செலஸ்டின் அண்ணாச்சியும் பிலோமி அக்காவும். பிள்ளைகள் இல்லை. வாடகை பேசும்போது சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் வந்த மறுநாளிலிருந்து மத்தியானம் ஒரு தூக்குச் சட்டி மாடிப்படியில் இருக்கிறது. இன்று சாளை மீன் போட்ட புளிமுளக் குழம்பு. வாசனை பழகவில்லை என்று எழுதிய கையாலேயே சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

அண்ணாச்சியும் ஒரு டி'குரூஸ்தான். கிண்டலாகக் கேட்டேன்.

"அண்ணாச்சி, அந்த மேல் கமா இல்லாம எழுதினா என்ன?"

சிரித்தார். "எழுதுனானுவளே, ரேஷன் கார்டுல. அதுக்கு ஒரு வருசம் தாலுகா ஆபீசுக்கு நடந்தேன். இந்தக் கார்டுல உள்ள ஆளு நீரு இல்லன்னுட்டான். அதுலேருந்து வள்ளத்துல, பேங்குல, எல்லாத்துலயும் அத விட மாட்டோம் தம்பி. எங்க தெருவே அப்படித்தான்."

தொழிலுக்குப் போகும்போது போனைக் கொண்டுபோக மாட்டார் என்பது இன்று தெரிந்தது. தண்ணீர் பட்டால் போய்விடும், கொஞ்ச தூரம் போனால் டவரும் கிடையாது. அடுக்களையில் சார்ஜில் போட்டுவிட்டுப் போவார்.

அக்டோபர் 15

கொசுவை அடித்துவிட்டேன்.

சரியான முறை ஒன்று இருக்கிறது. பெயரில் வரும் அந்தக் குறிக்கு முன்னால் ஓர் அடையாளம் வைத்து, 'இது வெறும் எழுத்து, முடிவு அல்ல' என்று டேட்டாபேஸுக்குச் சொல்லவேண்டும். அதை ஸ்கிரிப்டுக்குள் செய்யப்போனால் ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்லுக்கு ஒரு அடையாளம், டேட்டாபேஸுக்கு ஒரு அடையாளம் என்று ஒன்றுக்குள் ஒன்று போய் நிற்கிறது. இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் வேறு ஏதோ உடைந்தது. அதற்குள் சார் இரண்டு முறை எட்டிப்பார்த்துவிட்டார்.

அதனால் ஒரே வரி சேர்த்தேன்: பெயரில் கொசு இருந்தால் எடுத்துவிட்டு டேட்டாபேஸிடம் கொடு. ஓட்டிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. சரியான முறையைப் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

அக்டோபர் 16

மெயில் இல்லை. சார் டீ வாங்கிக் கொடுத்தார்.

அக்டோபர் 24

இன்று முதல் நிஜ எச்சரிக்கை. காற்று வேகமாக அடிக்கும், நாளை போக வேண்டாம் என்று. தமிழில் அனுப்பினால் பழைய பட்டன் போன்களில் கட்டம் கட்டமாக வருகிறது என்பதால் ஆங்கிலத்தில்தான் அனுப்புகிறோம். ஏழு மணிக்குத் தானாக ஓடியது. சங்கத்து வாசலில் நின்றிருந்தவர்களின் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. எனக்கே புல்லரித்தது.

டோக்கன் கொடுத்த கணக்கைவிட மெசேஜ் போன கணக்கு குறைவாக இருந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு வள்ளம் இருக்கும், இரண்டு டோக்கன் வாங்கியிருப்பார். ஒரு போனுக்கு ஒரு மெசேஜ்தானே.

இதுவரை எச்சரிக்கை என்றால் ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்வார்களாம். "இனி அந்தச் செலவு எதுக்கு, நம்ம தம்பி இருக்காரு" என்று சார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். கூச்சமாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

அக்டோபர் 25

லியோன் டி'சில்வா என்று ஒருவர் சங்கத்தில் வந்து கத்தினார். மெசேஜ் வரவில்லையாம். விடியலில் போய், காற்றில் வலையை அறுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

"வரலன்னா கடல் நல்லாருக்குன்னுதானே அர்த்தம்? அப்படித்தானே சொன்னிய?"

போன் நிறைந்திருக்கும், மெசேஜுக்கு இடம் இருந்திருக்காது என்று சொல்லி அனுப்பினேன். பழைய போனை வைத்துக்கொண்டு என்னிடம் வந்து கத்துகிறார்கள்.

நவம்பர் 5

இரண்டாவது எச்சரிக்கை நேற்று. இன்று நான்கு பேர் வந்தார்கள், மெசேஜ் இல்லை என்று. நல்லவேளை, பெரிய காற்று இல்லை, யாருக்கும் ஒன்றுமில்லை. நான்கு பேரும் செபஸ்தியார் தெரு. அதாவது எங்கள் தெரு.

ஒரே தெரு என்றால் டவர் கோளாறுதான். போன் கம்பெனிக்குப் புகார் எழுதிப் போட்டேன். மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

மாலையில் அண்ணாச்சி மாடிக்கு வந்தார். கோபமாக வரவில்லை, அவருக்கு அது வராது.

"டோக்கன் வாங்கியும் எனக்கு ரெண்டு தடவையும் வரல தம்பி. மொதத் தடவை இஞ்சின் ரிப்பேரு, நான் போவல. இன்னைக்குத் தலைவலி, போவல. என்னமோ மாதா புண்ணியம்."

போனைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அவர் நம்பரை நானே அடித்து ஒரு மெசேஜ் அனுப்பினேன். அடுத்த நொடியே அவர் கையில் அடித்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

"பாத்தீங்களா அண்ணாச்சி? போன்ல கோளாறு இல்ல. அன்னைக்கு டவர்தான். அடுத்த தடவை கண்டிப்பா வரும். நான் இருக்கேன்ல."

"நீங்க இருக்கிய. அது போதும்" என்றார். பிலோமி அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏளா, மாடித் தம்பி மெசேஜ் வந்திரிச்சு பாரு."

நவம்பர் 8

மழை. இருமல். அக்கா சுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டாள்.

நவம்பர் 14

ஒரு யோசனை வந்துகொண்டே இருக்கிறது. வந்தவர்கள் பெயரை எல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். டி'சில்வா, டி'சில்வா, டி'குரூஸ், டி'குரூஸ், டி'சில்வா. ஒரே தெரு என்பது சரி. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே தெருவில்தானே இருப்பார்கள்.

ஸ்கிரிப்டைத் திறந்தேன். கரண்ட் போய்விட்டது. வந்தபிறகு மறுபடி திறக்கவில்லை. அடுத்த வாரம் சங்கக் கமிட்டி கூடி என் வேலையை முடிவுசெய்கிறது. ஓடிக்கொண்டிருப்பதில் கைவைத்து இப்போது மறுபடி சிவப்பு மெயில் வரவழைக்க எனக்குப் பைத்தியமா? டவர் புகாருக்கு இன்னும் பதில் வரவில்லை. வரட்டும்.

நவம்பர் 20

நிரந்தரம் ஆகிவிட்டது! கமிட்டியில் கைதட்டினார்களாம். சார் தோளில் தட்டி, "ஊருக்குப் போயி அம்மாவப் பாத்துட்டு வா. ரெண்டு நாளு நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

பஸ் ஏறுமுன் அக்கா வாழையிலையில் கட்டிய கருவாட்டைக் கையில் திணித்தாள். எங்கள் வீட்டில் மீனே சமைப்பதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணாச்சி வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டே, "சீக்கிரம் வந்துரும் தம்பி. நீரு இல்லன்னா மாடி வெறிச்சுன்னு கெடக்கும்" என்றார்.

நவம்பர் 21

ஆரணி. அம்மா கருவாட்டைப் பார்த்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டாள். மத்தியானம் டிவியில் காற்றழுத்தத் தாழ்வு, எங்கள் கடற்கரைப் பக்கமே கை காட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை சும்மா காற்று இல்லை என்றார்கள்.

ஏழு மணிக்கு மேல் சார் போன் செய்தார்.

"மெசேஜ் எல்லாம் போயிட்டுதா தம்பி? இங்க என் வள்ளத்து டோக்கனுக்கு வந்துட்டு."

மொபைலில் அறிக்கையைப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை என்றிருந்தது.

"எல்லாம் போயிடுச்சு சார்."

"அப்ப மைக் வேண்டாம்லா?"

"வேண்டாம் சார்."

சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். பாதியில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். ஏன் என்று எழுதத் தெரியவில்லை. மறுநாள் வரை இருப்பதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன்; ராத்திரி பஸ்ஸையே பிடித்துவிட்டேன். அண்ணாச்சிக்குப் போன் செய்யலாமா என்று நினைத்தேன். தூங்குபவரை எழுப்பி என்னவென்று சொல்வது? மெசேஜ்தான் போயிருக்கிறதே. பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கிறது.

நவம்பர் 22

விடிந்து பஸ் ஊருக்குள் நுழையும்போதே பனைகள் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றன. இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் கரைக்குப் போனேன். நிற்க முடியாத காற்று. மணல் முகத்தில் அடித்தது.

வடக்குக் கரையில் வள்ளங்கள் எல்லாம் மேலே ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தன. வரிசை வரிசையாக, ஒன்றுகூட விடாமல். அப்பாடா என்று சத்தமாகவே சொன்னேன். வேலை செய்திருக்கிறது. ஒரு மெசேஜ், இத்தனை வள்ளம் கரையில். எனக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

அப்புறம் தெற்கே திரும்பிப் பார்த்தேன். செபஸ்தியார் தெருக்காரர்கள் வள்ளம் ஏற்றுகிற இடம். அங்கே இழுத்துத் தள்ளிய தடம் மட்டும் இருந்தது. அதுவும் மழையில் கரைந்துகொண்டிருந்தது.

ஓடினேன். பிலோமி அக்கா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டியளா தம்பி? அவிய போயிட்டாவ. என் தம்பி ரோமால்டும் கூடப் போயிருக்கான். என்ன தம்பி இந்தக் காத்து இப்படிச் சாடுது?"

"ஏன்க்கா போனாங்க? எப்படிப் போனாங்க?"

"கெளம்பறப்பவே வாடைக் காத்து கொஞ்சம் சரியில்ல. வாசல்ல நின்னு யோசிச்சாவ. போனை எடுத்து எடுத்துப் பாத்தாவ. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். 'டிவில எப்பவும் அப்படித்தான் சொல்லுவான். மோசமா இருந்தா மாடித் தம்பி மெசேஜ் வந்திருக்கும்ளா, வரலியே'ன்னாவ. தெருவுல எல்லாரும் அதத்தான் சொன்னாவ."

மாடிக்கு ஏறி லேப்டாப்பைத் திறந்தேன். கடவுச்சொல்லைத் தப்புத்தப்பாக அடித்தேன். டேட்டாபேஸில் அந்தப் பெயரைத் தேடினேன். கொசு இல்லாமல் தேடினால் அப்படி ஒரு ஆள் இல்லை. கொசுவோடு தேடினால் இருக்கிறார்: செலஸ்டின் டி'குரூஸ், நம்பர், வள்ளம், எல்லாம். முன்பு டேட்டாபேஸ் கத்திக்கொண்டாவது இருந்தது. இப்போது, நீ கேட்கும் ஆள் இங்கே இல்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறது. ஆள் இல்லை என்பது பிழை இல்லையே. அதனால் மெயிலும் இல்லை.

அந்த வரியை அழித்தேன். குறிக்கு முன்னால் அடையாளம் வைத்தேன். எத்தனை வேண்டும், எங்கே வேண்டும் என்பதெல்லாம் கை தானாகவே போட்டது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நேற்றைய பட்டியலை எடுத்து மறுபடி ஓடவிட்டேன். ஏன் ஓடவிட்டேன் என்று தெரியவில்லை. வேறு என்ன செய்வது?

கீழே அடுக்களையில் போன் அடித்தது.

பக்கத்து வீட்டில் ஒன்று அடித்தது. எதிர் வீட்டில் ஒன்று. காற்றுச் சத்தத்தையும் மீறித் தெரு நெடுக அடித்துக்கொண்டே போனது.

படியில் அக்காவின் கால் சத்தம். சார்ஜர் வயரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"தம்பி, ஒங்க ஆபீசு மெசேஜு. என்ன போட்டிருக்குன்னு பாருங்க. அவியளப் பத்தி ஏதாவதா?"

வாங்கிப் பார்த்தேன். பெயர் சரியாக வந்திருந்தது, அந்தக் குறியோடு. அதற்குக் கீழே, கடலுக்குப் போக வேண்டாம் என்றிருந்தது.

"டவர் லேட்டாக் கொடுத்திருக்குக்கா" என்றேன்.

நவம்பர் 23

தேடுகிறார்கள். சில வள்ளங்கள் வேறு கரையில் ஒதுங்கியிருப்பதாகச் செய்தி. லியோன் டி'சில்வா உயிரோடு இருக்கிறார். அவரைப் போய்ப் பார்க்கவில்லை.

நவம்பர் 25

போனவர்களில் இரண்டு வள்ளம் தவிர எல்லாம் திரும்பிவிட்டன. அந்த இரண்டில் ஒன்று அண்ணாச்சியுடையது.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். அதற்கு முன்னால் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கண்கள் சிவந்திருந்தன. ரோமால்டுக்கு ஞானஸ்நானத் தகப்பன் அவர்தான்.

"டவர் கோளாறுதானே தம்பி? நீ முன்னாலயே புகார் கொடுத்திருக்க இல்ல?"

"ஆமா சார்."

"அந்தப் புகார் நகல எடுத்து வையி. அது போதும்."

எடுத்து வைத்தேன். அதிகாரி படித்துவிட்டு, பொறுப்பான ஆள் என்று பாராட்டினார்.

நவம்பர் 29

தேடுவதை நிறுத்திவிட்டார்கள். கோயிலில் பூசை நடந்தது. அக்கா கறுப்புச் சேலை கட்ட மாட்டேன் என்றுவிட்டாள். ஆளைப் பார்க்காமல் கட்ட மாட்டாளாம்.

கமிட்டி புதிய முடிவு எடுத்திருக்கிறது. மெசேஜ் வரவில்லை என்றால் நல்ல கடல் என்று இனி யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது. நல்ல நாளோ கெட்ட நாளோ, தினமும் ஏழு மணிக்கு எல்லா வள்ளக்காரர்களுக்கும் மெசேஜ் போகவேண்டும். டோக்கன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். ஸ்கிரிப்டை மாற்றிக் கொடுத்தேன். எல்லாப் பெயருக்கும் போகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எந்தக் குறி இருந்தாலும் போகிறது.

டிசம்பர் 1

வேறு வீடு பார்க்கலாம் என்று காலையில் போனேன். ஒன்று பிடித்திருந்தது. முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிட்டேன். மத்தியானம் படியில் தூக்கு இருந்தது. குழம்பில் மீன் இல்லை, வெறும் புளித்தண்ணீர். அக்கா கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள் போல. முழுவதையும் சாப்பிட்டேன்.

டிசம்பர் 4

தினமும் ஏழு மணிக்கு அக்கா போனோடு மேலே வருகிறாள். சார்ஜ் குறையவே விடுவதில்லை. நான் படித்துச் சொல்லவேண்டும்.

"நாளைக்குக் கடல் அமைதியா இருக்காம்க்கா. தொழிலுக்குப் போகலாமாம்."

"அவிய பேரு போட்டிருக்கா?"

"போட்டிருக்குக்கா."

"அந்தக் குறியோட?"

"குறியோட."

திரையில் எழுத்து அணைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக உடனே இறங்கிவிடுவாள். இன்று கதவருகில் போய்த் திரும்பினாள்.

"இப்ப நம்ம தெருவுக்கு டவர் நல்லாக் கெடைக்குது, இல்ல தம்பி?"

அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை. என் முகத்தையே பார்த்தாள். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்றேன்.

"சரி. நாளைக்கும் வாரேன்."

இறந்தவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று சார் இன்று கேட்டார். எடுத்தால் கீழே போன் அடிக்காது. எடுக்கவில்லை என்றால் அடித்துக்கொண்டே இருக்கும். பார்க்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 5

ஏழு மணி. கீழே போன் அடித்தது. அக்கா படியேறி வருகிறாள்.